கழுவித் திருப்பிய பாட்டில்கள்

பாட்டில்கள் எல்லாம் திரும்பி வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, மூடியை இறுக்கித் திருகி, ஒரு உரச் சாக்கில் அடுக்கிக் கொடுத்தார்கள். தை மாதம், பொங்கல் கழிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பஸ்ஸில் அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர், "காயலான் கடைக்கா சார்?" என்று கேட்டார். "ஆராய்ச்சிக்கு" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். நாள் குறித்து வைப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தத் தீபத்தன்று மழை பெய்தது, தேரடிப் பக்கம் எந்தக் கடை எந்த மாதத்தில் மூடியது என்பதையெல்லாம் எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்த நாட்களைத் தனியாகக் குறிக்கும் வழக்கம் மட்டும் இல்லை. இருந்திருந்தால் அந்தச் செவ்வாய்க்குப் பிறகு குறிக்க எதுவும் கிடைத்திருக்காது.

எனக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் சிறிய பல் கிளினிக் வைத்திருந்தேன். பிடுங்குவது, அடைப்பது, கட்டுவது என்று வருஷங்கள் ஓடின. அதை மூடிவிட்டு எம்.டி.எஸ். மேற்படிப்பில் சேர்ந்தேன். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு கல்லூரி. பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் என்கிற, யாரும் விரும்பிக் கேட்காத பிரிவு. அந்தத் துறையில் ஒரு விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. பங்குனி முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்து, வைகாசியில் என்னோடு சேர்ந்தவர்களுடன் தேர்வு எழுதி முடித்தால் அந்த இடம் எனக்கு என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அவரேதான் என் கைடும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போகும். கிளினிக் இருந்த இடத்தில் அதற்குள் செல்போன் ரிப்பேர் கடை வந்துவிட்டது. திரும்பிப் போக ஒன்றும் இல்லை.

முதல் வருஷம் பல்லைத் தொடவே விடவில்லை. ஆய்வு முறைகள், ஆய்வு அறம், புள்ளியியல் என்று உட்கார வைத்துவிட்டார்கள். புள்ளியியல் எடுத்தவர் எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவர். வேறொரு கல்லூரியிலிருந்து சனிக்கிழமை தோறும் ஸ்கூட்டியில் வருவார். ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சாக்பீசை எடுப்பார். கடைசி பெஞ்சில் நரைத்த மீசையோடு உட்கார்ந்திருந்த என்னைக் கேள்வி கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது.

"சார், உங்க ஊர்ல பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றவங்க முழங்காலை எல்லாம் செக் பண்ணிட்டு, ஜனங்களுக்கு முட்டி வலியே கிடையாதுன்னு எழுதுவீங்களா?"

"மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"முட்டி வலி இருக்கறவங்க வீட்ல படுத்திருப்பாங்க."

"அவ்ளோதான் சார். இது புரியாம எழுதின பேப்பர் லாரி லாரியா இருக்குது."

இன்னொரு சனிக்கிழமை அவர் சார்பின்மை பற்றிச் சொன்னார். ஆய்வில் ஒவ்வொரு ஆளும் தனி ஆளாக இருக்க வேண்டும். ஒருவருக்கு நாம் கொடுப்பது அடுத்தவரை எட்டக் கூடாது. ஒருவர் செய்வதை வைத்து இன்னொருவர் செய்வதை மாற்றிக்கொள்ளக் கூடாது. அப்படி இருந்தால்தான் நாம் போடும் கணக்குகள் செல்லும். நான் அதை அழகாக எழுதிக்கொண்டேன். முதல் வருஷத் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. பக்கம் நிறைய எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

ஆய்வு அறத்துக்கு ஆன்லைன் பாடம். படித்து, சரியான விடையைச் சொடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் பெயர் போட்ட சான்றிதழ் வரும். எனக்கு அது போதவில்லை. மருத்துவ வரலாறு பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். பழைய காலத்துக் கப்பல் ஒன்றில், ஈறு அழுகிய மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு மட்டும் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துப் பார்த்த கதை எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. ஒரே கப்பல், ஒரே தளம், பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. பழம் கிடைத்தவன் கிடைக்காதவனுக்கு ஒரு சுளை பிட்டுக் கொடுத்திருக்க மாட்டானா? நான் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. அப்போது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவும் இல்லை. இப்போது தோன்றுகிறது.

என் ஆய்வு மிக எளிமையானது. ஈறில் ரத்தம் கசிகிறவர்களுக்கு, கடுக்காயும் கருவேலம்பட்டையும் கிராம்பும் சேர்த்துக் கல்லூரியிலேயே தயாரித்த வாய் கொப்பளிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது. பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கிராம்பு வாசனையில், மருந்தில்லாத நீர். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. பாட்டிலில் எண் மட்டும் இருக்கும். எந்த எண்ணில் எது என்று எனக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஐந்து மாதம் கழித்து ஈறைப் பார்த்து, கசிவு எந்தப் பிரிவினருக்குக் குறைந்திருக்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

ஆள் தேடியபோது கைடு, "கல்லூரிக்கு வர்ற பேஷண்ட்டை எடுக்காதீங்க. பாதிப் பேர் திரும்பி வரமாட்டாங்க. ஆள் கரைஞ்சா தீசிஸ் கரைஞ்சிடும்" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற ஒரு கிராமத்தில் மகளிர் குழு ஒன்று இருந்தது. என் பழைய பேஷண்ட் ஒருத்தி அதில் உறுப்பினர். செவ்வாய்க்கிழமை தவறாமல் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடுவார்கள். கல்யாணம், சாவு எது இருந்தாலும் கூட்டம் நடக்கும். வராதவரை வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். இதைவிட நல்ல சாம்பிள் எங்கே கிடைக்கும்? என்னுடைய கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். கைடும் மெச்சினார்.

ஆவணி மாதத்துச் செவ்வாய் ஒன்றில் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன். குழுத்தலைவி ஐம்பது வயதைத் தொட்ட, உரத்த குரல் உள்ள அம்மா. ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளப்பதும் அவர்தான்.

"இந்தக் கலவையில் மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற வரியில் அவர் கையை உயர்த்தினார்.

"இல்லாததை எதுக்குக் குடுக்கறீங்க டாக்டரே?"

"ஒப்பிட்டுப் பாக்கத்தாம்மா. மருந்து நெஜமாவே வேலை செய்யுதான்னு தெரியணும்ல."

"யாருக்கு மருந்து, யாருக்குத் தண்ணின்னு சொல்லிடுங்க."

"எனக்கே தெரியாதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "குடுக்கறவருக்கும் தெரியாது, குடிக்கறவளுக்கும் தெரியாது. பின்ன யாருக்குத்தான் தெரியும்?"

"குடிக்கக் கூடாதும்மா, கொப்பளிச்சுத் துப்பணும். காலேஜ்ல இன்னொரு டாக்டருக்குத் தெரியும்."

"அப்ப அவரை அனுப்பறது! நீ எதுக்குப் பாவம் பஸ்ஸு ஏறி வர்ற?"

தலைவி அதட்டினார். "ஏய், சும்மா இருங்கடி. டாக்டரு படிக்கிறாரு. நம்மளால ஒரு படிப்பு முடியும்னா முடியட்டுமே." பிறகு என்னைப் பார்த்து, "எல்லாருக்கும் பல்லு கிளீன் பண்ணி உடுவீங்களா?" என்று கேட்டார். உண்டு என்றேன். ஆய்வுக்கு அனுமதி கொடுத்த கல்லூரி எத்திக்ஸ் கமிட்டி அதைக் கட்டாயமாக்கியிருந்தது. இரண்டு பிரிவினருக்கும் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். "அப்ப சரி" என்று முதல் கையெழுத்தை அவர் போட்டார். மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள். விலகிக்கொள்ள உரிமை உண்டு என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். "நாங்க ஏன் வெலகறோம்?" என்றார்கள்.

ஒருவர்கூட விலகவில்லை. ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் புதுப் பாட்டில் கொடுத்து, பழையதை வாங்கினேன். மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்று அறிய நான் வைத்திருந்த வழி அதுதான். மீதம் இருந்தால் அளந்து எழுத வேண்டும். மீதமே இருந்ததில்லை. கார்த்திகை தீபத்துக்குப் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே நின்று, கூட்டத்தில் நான் போக முடியாத வாரத்தில்கூட, அவர்கள் பாட்டில்களைக் கழுவி எடுத்து வைத்திருந்தார்கள். துறையில் என்னோடு படித்தவர்கள் ஆள் வரவில்லை என்று போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது நான் சாக்கு மூட்டையோடு வந்து இறங்குவேன். "எங்கதான் பிடிச்சீங்க இந்த ஜனங்களை?" என்று கேட்பார்கள்.

மாசியில் எந்த எண்ணில் மருந்து, எந்த எண்ணில் வெறும் நீர் என்று பிரித்துச் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை புள்ளியியல் மேடம் லேப்டாப்பைத் திருப்பி எனக்குக் காட்டினார். ரத்தக் கசிவு இரண்டு பிரிவிலும் குறைந்திருந்தது. ஒரே அளவாகக் குறைந்திருந்தது. இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன.

"கிளீனிங் பண்ணதால குறைஞ்சிருக்கலாம் மேடம்" என்றேன்.

"குறையட்டும் சார். மருந்து வேலை செய்யலன்னா செய்யல, அதுவும் ரிசல்ட்தான். ஆனா இது கொஞ்சம் ஓவரா ஒட்டிக்கிட்டு இருக்குது. சும்மா தற்செயலாவாச்சும் கொஞ்சம் பிசிறு இருக்கணும்." பேனாவால் திரையைத் தட்டினார். "இவங்கள்லாம் யார் சார்? ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிஞ்சவங்களா?"

"ஒரே குழு மேடம்."

அவர் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு என் முதல் வருஷ விடைத்தாள் ஞாபகம் வந்தது.

அடுத்த செவ்வாய் வேப்பமரத்தடிக்குப் போனேன். ஆய்வு முடிந்ததற்கு நன்றி சொல்ல என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். குழுப் பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கு டீ வாங்கி வர ஆள் அனுப்பினார்கள். கேட்க வேண்டியதைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். மருந்து எப்படி இருந்தது, எல்லாருக்கும் ஒரே ருசியா?

தலைவி சிரித்தார். "ஆரம்பத்துல ஒரே சண்டை டாக்டரே, அதை ஏன் கேக்கறீங்க. இவ பாட்டிலு துவர்ப்பா இருக்குது, அவளுது சப்புனு இருக்குது. துவர்ப்பு வந்தவளுங்க எல்லாம், எங்களுதுதான் மருந்துன்னு ஒரே பீத்தல். சப்புனு வந்தவளுங்க மூஞ்சியைத் தூக்கிக்கிட்டாளுங்க. எங்களுக்கு மட்டும் என்னா கம்மின்னு ஒருத்தி கூட்டத்துக்கே வரமாட்டேன்னுட்டா."

"நான் எங்க அப்டிச் சொன்னேன்?" என்றாள் ஒருத்தி.

"சொன்னியே, பொய் பேசாத. கொழந்த மாதிரி அழுதே." தலைவி என் பக்கம் திரும்பினார். "நான் பாத்தேன். குழு ஒடஞ்சா நாளைக்கி உங்க படிப்பும் போவும். பால் கேனை நல்லா வெந்நி ஊத்திக் கழுவுனேன். எல்லா பாட்டிலையும் அதுல ஊத்தி, ஒரு கலக்குக் கலக்கி, பால் அளக்கற லிட்டராலயே திருப்பி அளந்து ஊத்திட்டேன். தெனம் ஊரு பாலையே அப்டித்தான ஊத்தறோம்? எருமைப் பாலு, பசும் பாலுன்னு தனித்தனியாவா கேனு வெச்சிருக்குது? அன்னியிலேர்ந்து ஒரு சொட்டு ஜாஸ்தி கம்மி கெடயாது. உங்க நம்பர் மாறாம அவங்கவங்க பாட்டிலுலயே ஊத்துனேன் பாத்துக்குங்க."

"எப்பலேர்ந்தும்மா?"

"ரெண்டாவது தபா நீங்க குடுத்ததுலேர்ந்து."

டீ வந்தது. குடித்தேன். அவர் முகத்தில் ஒரு காரியத்தைச் சிதறாமல் முடித்துக் கொடுத்தவரின் நிம்மதி இருந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பால் கேன் மூடியைத் திறந்து பாட்டில் பாட்டிலாக ஊற்றும் காட்சி பஸ்ஸில் வரும்போது திரும்பத் திரும்ப வந்தது. அவர்கள் எதையும் மீறவில்லை. பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று என் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு வரி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. சேர்ந்து இருப்பதால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு, தனித்தனியாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

மறுநாள் மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். "சார், இது டிரையல் இல்ல, சாம்பார்" என்றார். பிறகு அவருக்கே கஷ்டமாகிவிட்டது போல. "சாரி சார். இதுல நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. எந்த டெஸ்ட் போட்டாலும் எல்லாரும் குடிச்சது ஒண்ணுதான்."

"கொப்பளிச்சது மேடம்."

"ஆமா, கொப்பளிச்சது."

கைடு கதவைச் சாத்தச் சொன்னார். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எதுக்கு அங்க மறுபடி போனீங்க?"

"நன்றி சொல்ல சார்."

"போனில சொல்லியிருக்கலாம்." மின்விசிறியைப் பார்த்தார். "சரி. ஊத்தினதை நீங்க பாத்தீங்களா? இல்ல. ஒரு அம்மா சொல்றாங்க. பேச்சு வாக்கில ஆயிரம் சொல்வாங்க. உங்க தீசிஸ்ல என்ன எழுதியிருக்கீங்க? காலி பாட்டிலை வாங்கிச் சரிபார்த்தோம்னு. வாங்குனீங்களா, இல்லையா?"

"வாங்குனேன் சார்."

"அப்ப அது உண்மைதானே? வித்தியாசம் இல்லைன்னு முடிச்சிட்டுப் போங்க. பங்குனிக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்குது? இடம் உங்களுக்காகக் காத்திருக்குது. நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்லிட்டிருக்கேன்னு தெரியுமா?"

அவர் கெட்டவர் அல்ல. என்மேல் அக்கறையாகத்தான் பேசினார்.

வீட்டில் என் மனைவி பள்ளிக்கூடத்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பொம்பளைங்க ஈறு நல்லாதானே ஆச்சு?"

"ஆச்சு."

"யாருக்காவது கெடுதலா?"

"இல்ல."

"அப்ப நீங்க உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன ஆவப் போவுது? உங்களுக்கு மட்டும்தான் ஆவும். கிளினிக்கும் போச்சு. இதுவும் போச்சுன்னா காலையில எழுந்து எங்க போவீங்க? கோயில் வாசல்ல போய் நாளு எழுதிட்டு உக்காந்திருப்பீங்களா?"

கடைசி வார்த்தை சொன்னதும் அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. அவள் சொன்னது சரியான கேள்வி.

தைரியத்தால்தான் கமிட்டிக்கு எழுதினேன் என்று சொல்ல முடியாது. முடிவுரையில் ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருந்தது. 'இந்த மருந்துக்கும் மருந்தில்லாத நீருக்கும் வித்தியாசம் காணப்படவில்லை.' பல தடவை உட்கார்ந்தேன். முதல் பாட்டிலுக்குப் பிறகு மருந்தில்லாத நீரை யாருமே தனியாகக் கொப்பளிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தீபத்தன்று மழை பெய்யாதபோது மழை என்று எழுதச் சொன்னால் கை எப்படி நிற்குமோ, அப்படி நின்றது. வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை.

கமிட்டியில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அல்லாத ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று விதி. அந்த இடத்தில் கோயில் குருக்கள் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். என் அறிக்கையைப் படித்து முடித்ததும் அவர், "பால் கேன்லயா? எல்லாருக்கும் சமமாவா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். "பிரசாதம்னா அப்படித்தான் குடுப்போம். ஒருத்தருக்கு மட்டும் வெறும் இலையை நீட்ட முடியுமோ?"

தலைவர் சிரிக்கவில்லை. நேர்மையாகத் தெரிவித்ததைக் கமிட்டி பாராட்டுகிறது என்றார். அந்தப் பெண்களை மறுபடி சேர்க்கக் கூடாது, அவர்களுக்கு இனி ருசி தெரியும். புது ஆட்கள், புது ஒப்புதல், முதலிலிருந்து ஆரம்பம். மிச்சமிருக்கும் மருந்தை யாருக்கும் கொடுக்காமல் அழிக்க வேண்டும். எல்லாம் சரியான தீர்ப்பு. நான் படித்த பாடத்தில் இருந்தது போலவே இருந்தது.

மருந்தைத் துறையின் கழுவும் தொட்டியில் நானே ஊற்றினேன். கிராம்பு வாசனை ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரத்தில்தான் குழுத்தலைவி போன் செய்தார்.

"டாக்டரே, அந்தத் தண்ணி இன்னும் இருக்குதா? என் மருமவளுக்கும் ஈறுல ரத்தம் வருது. எங்களுக்கெல்லாம் நல்லா கேட்டுச்சே."

"இல்லம்மா, முடிஞ்சிடுச்சு."

"அது நல்ல மருந்துதான?"

"அதை இன்னும் சொல்ல முடியாதும்மா."

"என்னா டாக்டரே, இத்தினி மாசம் வந்து போனீங்க." குரலில் கிண்டல்தான் இருந்தது. "படிப்பு முடிஞ்சிச்சா?"

"முடியுதும்மா" என்றேன்.

வைகாசியில் என்னோடு சேர்ந்தவர்கள் தேர்வு எழுதினார்கள். ஆடியில் விரிவுரையாளர் இடத்தில் அவர்களில் ஒருவர் சேர்ந்தார். நல்ல பையன், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். கைடு என்னிடம் முன்போலவே பேசினார், ஆனால் அறைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பல்கலைக்கழகம் ஒரு வருஷ நீட்டிப்புக் கொடுத்தது. அடுத்த பங்குனிக்குள் கொடுக்க வேண்டும். அதுவும் தவறினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

இந்த முறை நான் பாடத்தைச் சரியாகப் பயன்படுத்தினேன். ஒருவரோடு ஒருவர் சேராத ஆட்கள் வேண்டும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் புதிதாக வந்திருக்கும் வீட்டு மனைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு வீடும் ஆளுயரக் காம்பவுண்டுக்குள் இருந்தது. கேட்டில் நாய் ஜாக்கிரதை, மேலே கேமரா. வெவ்வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஆபீஸ்காரர்கள். அடுத்த வீட்டுக்காரர் பெயர் கேட்டால் யோசிப்பார்கள். மேடம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இப்ப சரி சார். இதுக்கு மேல தனித்தனியா ஆள் கிடைக்க மாட்டாங்க" என்றார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டேன். வந்தார்கள். படிவத்தை நீட்டினேன். மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று நான் ஆரம்பிப்பதற்குள், "எங்க சார் சைன் பண்ணணும்?" என்று கேட்டார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பகிரக் கூடாது என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தேன். அதைப் படித்துக் காட்டியபோது ஒருவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இதைப் போய் யார் சார் கேக்கப் போறாங்க?" என்றார்.

புரட்டாசியில் சிலர் வரவில்லை. ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகையில் ஒவ்வொரு வீட்டிலும் தீபம் பார்க்க வந்த விருந்தாளிகள். பாட்டிலை எங்கே வைத்தோம் என்று தேடினார்கள். சிலருக்கு மாற்றல் வந்து வீடு காலியாகிவிட்டது. சிலர் டிவியில் வரும் நீல நிறத் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். போன் செய்தால், "அடுத்த வாரம் கண்டிப்பா சார்" என்பார்கள். விலகிக்கொள்ள உரிமை உண்டு என்று நான்தான் சொல்லியிருந்தேன். கட்டாயப்படுத்தக் கூடாது என்று சான்றிதழ் வாங்கியவனும் நான்தான். மணியை ஒரு தடவைக்கு மேல் அடிக்காமல் திரும்புவேன். மார்கழியில் மேடம் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவ்வளவு ஆள் குறைந்தால் வித்தியாசம் நிஜமாகவே இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது என்றார். இன்னும் யாராவது திரும்பி வருவார்களா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். அவர் அந்த வார்த்தையை நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

கடைசி முகாம் தை மாதத்து ஞாயிறு. மனைகளுக்கு நடுவே இருந்த பூங்காவுக்குள் தகரக் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடி, ஈறு அளக்கும் கருவி, கையுறை எல்லாம் எடுத்து வைத்தேன். அங்கிருந்து மலை முழுசாகத் தெரியும். நடைப்பயிற்சிக்காரர்கள் காதில் ஒயரோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் வந்தவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை.

வெயில் ஏறியபோது ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். ஏதோ ஒரு துறையில் கண்காணிப்பாளர். ஆவணியில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். எண் ஒட்டிய காகிதம் கசங்கவில்லை. மூடிமேல் போட்டிருந்த சீல் அப்படியே இருந்தது. கழுத்துவரை நிறைந்திருந்தது.

"பத்திரமா வெச்சிருந்தேன் டாக்டர்" என்றார். "நமக்கு நேரமே இல்ல. வீணாவானேன்? வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

"யாருக்கும் குடுக்கக் கூடாது சார்" என்றேன்.

"அப்படியா?" என்றார். மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

நிழல் மேசையை விட்டு நகரும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு பாட்டிலைப் பைக்குள் வைத்து, கருவிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு, துறைக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன். அதையும் தொட்டியில்தான் ஊற்ற வேண்டும்.